ரிவர்ஸ் போடும்போது வந்த சத்தம்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன், செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரை எங்கள் சந்தில் திருப்பிக்கொண்டிருந்தான். ரிவர்ஸ் போடும்போதெல்லாம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசியது. பக்கத்தில் நின்ற அவன் அப்பா, "கிளட்சை முழுசா மிதிடா, எத்தனை வாட்டி சொல்றது!" என்று கத்தினார்.

அதே வார்த்தைகளை இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன், அதனால் என்ன ஆயிற்று என்பதை இன்று எழுதிவிடுகிறேன். கார் ஓட்டுகிறவர்களுக்கு இதில் உபயோகமான சங்கதியும் உண்டு.

நான் ஓட்டக் கற்றது அலுவலக வண்டியில். எங்கள் துறை டிரைவர் ஒருவர், சாயங்கால வேளைகளில் யாரும் இல்லாத மைதானத்தில் சொல்லிக் கொடுத்தார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவர் 'ரிவர்ஸ்' என்றால் என் மனசுக்குள் 'மார்ஷ் அரியேர்' என்றுதான் கேட்கும். 'நியூட்ரல்' என்றால் 'புவான் மோர்', அதாவது செத்த புள்ளி. அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் சொல்லிக் கொடுத்த பலவற்றுக்குக் காரணம் கேட்டதில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு கடன் போட்டு ஒரு சின்ன காரை வாங்கினேன். அதுவும் பழையதுதான். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பத்தெட்டு வயதில், "நானும் கத்துக்கறேங்க" என்றாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டாள். எங்கள் வீடு முதலியார்பேட்டையில் ஒரு குறுகலான சந்தில் இருக்கிறது. காரை வெளியே எடுக்க ரிவர்ஸில்தான் வரவேண்டும். அவள் ரிவர்ஸ் போட்டால் கர்ர்ர். நான் போட்டால் சத்தமே இல்லை.

கோப்பு எழுதியே வாழ்ந்தவன் நான். சாட்சி இரண்டு பேர். ஒருவரிடம் குற்றம் இருக்கிறது, ஒருவரிடம் இல்லை. முடிவு எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "நீ கிளட்சைப் பாதிதான் மிதிக்கிறே." அவள், "முழுசாத்தாங்க மிதிக்கிறேன்" என்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டார் எல்லாரும் வாசலில் நிற்கும்போது, "கியர் பாக்ஸையே உடைச்சிடுவே போலிருக்கே, இறங்கு!" என்று சொல்லிவிட்டேன். இறங்கினாள். சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தச் சாவியை அவள் தொடவில்லை.

அந்த இரண்டு வருஷத்தில்தான் கடலூரில் இருந்த என் மாமியார் படுக்கையில் விழுந்தார். இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழைத்துப் போவேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பஸ் பிடித்துப் போய், இரவு பஸ் பிடித்துத் திரும்புவாள். ஒரு புதன்கிழமை மதியம் வீட்டுக்கு போன் வந்தது. அன்று அவள் லீவில் இருந்தாள். நான் அலுவலகத்தில். கார் வீட்டு வாசலில். அவள் கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாள். கூட்டமாக வந்த ஒன்றிரண்டு பஸ் நிற்காமல் போய், ஏதோ ஒன்றில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. "கொஞ்ச முன்னாடி வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாராம். இதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. மைத்துனர் சொல்லித்தான் தெரியும்.

சில மாதம் கழித்துக் காலை வேளையில் எனக்கே முதல் கியர் விழ அடம்பிடித்தது. நெல்லித்தோப்பில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்குக்கு முப்பது வயது இருக்கும். "ரிவர்ஸ் எப்படி சார்?" என்று கேட்டார்.

"எனக்கு நல்லா விழும் தம்பி. முன்னே என் வீட்டுக்காரம்மா போட்டா மட்டும் சத்தம் வரும்."

"எங்கே, போட்டுக் காட்டுங்க."

போட்டேன். சத்தம் இல்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எதுக்கு ரெண்டாவது கியரைத் தொட்டீங்க?"

"நான் எங்கே தொட்டேன்?"

"தொட்டீங்க சார். இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். என் கை தானாகவே இரண்டாவது கியருக்குப் போய்விட்டு ரிவர்ஸுக்கு வந்தது. அப்போதுதான் பழைய டிரைவரின் குரல் ஞாபகம் வந்தது: "ரெண்டைத் தொட்டுட்டு ரிவர்ஸ் போடுங்க சார்." எத்தனையோ வருஷமாக யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறேன். "இப்ப தொடாம நேரா போடுங்க" என்றார் மெக்கானிக். போட்டேன். கர்ர்ர்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முன்னே போகும் கியர்களில் சின்க்ரோ என்று ஒரு வளையம் இருக்கிறது. வெவ்வேறு வேகத்தில் சுற்றுகிற இரண்டு பாகங்களை முதலில் உரசிச் சமாதானப்படுத்தி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் சேர்க்கும். எங்கள் கார் மாதிரி வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்தத் தரகர் கிடையாது. நேர்ப் பல் வெட்டிய ஒரு சக்கரம் நகர்ந்துபோய் நேராகக் கோத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வண்டியும் நின்றிருக்க வேண்டும், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் தண்டும் நின்றிருக்க வேண்டும். எது சுற்றினாலும் பல்லும் பல்லும் மோதும். அதுதான் சத்தம். நான் இரண்டாவது கியரைத் தொட்டபோது அங்கே இருக்கும் சின்க்ரோ அந்தத் தண்டைப் பிடித்து நிறுத்திவிட்டது. என் வண்டியின் கோளாறை என் கைப்பழக்கமே எனக்குத் தெரியாமல் மூடி மறைத்திருக்கிறது.

கோளாறு என்ன என்பதை அவர் எதையும் கழற்றாமலே கண்டுபிடித்தார்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். வழுக்கிக்கொண்டு விழுந்தது. "லிவர், கம்பி எல்லாம் சரியா இருக்கு."

இரண்டாவதாக, இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலில் கிளட்சைத் தரையோடு மிதித்து, மெதுவாகப் பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். கிளட்சை மிதித்த பிறகும் அந்தத் தண்டு சுற்றிய வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குத்தான் காத்திருப்பது. பத்து எண்ணியும் கர்ர்ர் என்றது. "பார்த்தீங்களா, நிக்கவே இல்லை. யாரோ சுத்திவிட்டுக்கிட்டே இருக்காங்க."

மூன்றாவதாக, சமதரையில் ரிவர்ஸில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினார். அசையாமல் நிற்கவேண்டிய வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. கிளட்ச் முழுசாக விடவில்லை என்பதற்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பிரெஞ்சில் கிளட்சை விடுவிப்பதை 'தெப்ரேயாஜ்' என்பார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வருவதற்கும் அதே சொல்தான். எங்கள் ஊர் மில் கேட்டுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்தால், உள்ளே ஓர் ஆள் மட்டும் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் பானெட்டைத் திறந்து கிளட்ச் கேபிளைக் காட்டினார். நீண்டு தொய்ந்திருந்தது, முனையில் சில இழைகள் அறுந்தும் இருந்தன. "அம்மா முழுசாத்தான் மிதிச்சிருப்பாங்க சார். மிதி இங்கே தரை வரைக்கும் வருது. அங்கே போய்ச் சேரலை. ரிவர்ஸ்லதான் இது முதல்ல தெரியும். அப்பவே வந்திருந்தா நட்டைத் திருகிச் சரி பண்ணியிருக்கலாம்." புதுக் கேபிள் போட்டு, பெடலில் விடவேண்டிய ஆட்டத்தை அளந்து விட்டார். ஒரு மணி நேர வேலை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கேபிளா?" என்றாள். "ஆமாம். தப்பு என்னுதுதான்" என்றேன். அரிசியை உலையில் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மாமியாரின் முதல் திதிக்குக் கடலூர் போகவேண்டிய நாள். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆணியில் சாவி இல்லை. அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் இடது பக்கம் ஏறிக்கொண்டேன். கிளட்சை மிதித்துவிட்டு மூன்று எண்ணினாள். நானும் மனசுக்குள் அன், தே, த்ருவா என்று எண்ணினேன். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கடலூர் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பையன் கதையையும் முடித்துவிடுகிறேன். அன்று எழுந்துபோய் அந்த மூன்று சோதனைகளையும் அவனைச் செய்யச் சொன்னேன். இன்ஜினை அணைத்துப் போட்டால் சுலபமாக விழுந்தது. பத்து எண்ணிவிட்டுப் போட்டாலும் சத்தமே இல்லை. கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி அசையவில்லை. அவன் வண்டியில் குறை ஒன்றும் இல்லை. கார் முழுசாக நிற்பதற்குள் ரிவர்ஸைத் தள்ளுகிறான், அவ்வளவுதான். நின்ற பிறகு மூன்று எண்ணிப் போடு என்றேன், சரியாகிவிட்டது. அவன் கிளட்சை முழுசாகத்தான் மிதித்திருக்கிறான் என்பதையும் அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் கார் ஓட்டுவதில்லை. டாக்டரிடம் போவதென்றாலும் மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் அவள்தான் ஓட்டுகிறாள். சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை.