மச்சானின் முதுகும் பழவேற்காடு ஏரியும்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரையைப் பார்ப்பார்கள்; 1613-ல் அங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்ப்பார்கள். நான் பார்த்துவிட்டு வந்தது முதுகுகளை!

கார் என் மச்சானுடையது. ஸீட்டை ஈஸிசேர் மாதிரி சாய்த்து, கழுத்தை ஆமை போல நீட்டி ஓட்டுகிற ஆசாமி. பின்பாக்கெட்டில் செங்கல் கனத்துக்கு ஒரு பர்ஸ். (உள்ளே ரசீதுகள்தான். டீக்குக் காசு கொடுத்தது நான்!) மீஞ்சூர் தாண்டி காட்டூரில் இறங்கினபோது, "இடுப்பு கழண்டுடுச்சு மாப்ளே" என்றார்.

டீக்கடையில் இருந்த மீனவப் பெரியவர் சிரித்தார். "நாங்க நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே கழி போடுறோம். முட்டியைத் தளர்த்தி வுட்டா படகு ஆடுறதைக் காலு வாங்கிக்கும். உங்களுக்குக் காலு வேற வேலையில இருக்குதே சார்!"

டாக்டர் ஃபீஸ் இல்லாமல் கிடைத்த விளக்கம். பாதம் பெடலில் இருப்பதால், பள்ளத்தின் குலுக்கல் நேரே இடுப்பெலும்புக்குப் போகிறது. நிற்பதைவிடக் கூனி உட்காரும்போது முதுகெலும்புத் தட்டுகளில் அழுத்தம் அதிகம் என்று ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே அளந்து காட்டினார்.

ஆகவே கால் செய்கிற வேலையை ஸீட் செய்யவேண்டும். இடுப்பை ஸீட்டின் மூலைவரை தள்ளி உட்காருங்கள். சாய்மானம் 100, 110 டிகிரி போதும். கிளச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். முதுகை எடுக்காமல் கை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியில் படியணும். ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் நடுவே 25 செ.மீ. இருக்கட்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டாமா? பர்ஸ் டேஷ்போர்டுக்குப் போகட்டும். ஒரு பக்கம் மேடாக உட்கார்ந்தால் இடுப்பு கோணும், தொடை நரம்பு நசுங்கும். இரண்டு மணிக்கொரு தரம் இறங்கி நடங்கள்.

ஏரியில், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்தோம். ஸீட்டும் கிடையாது, சாய்மானமும் கிடையாது. மச்சான் அதற்கப்புறம் இடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

திரும்பும்போது அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, உள்கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பொன்னேரி பக்கம் வந்ததும், "பின்னால வந்த லாரியைக் காணோமே?" என்றார்.

"லாரி அங்கேயேதான் இருக்கு. நீங்கதான் ஸீட்ல சரிஞ்சுட்டீங்க, மச்சான்!"