பதினாறும் தோற்று...

கல்யாண வீட்டுல 'பதினாறும் பெற்று'ன்னு வாழ்த்துவாங்க. 2008-ல டெட்ராய்ட் லயன்ஸ் பதினாறும் தோத்தாங்க!

அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் அப்போ சீசனுக்கு 16 ஆட்டம். பதினாறையும் தோத்த முதல் அணி இவங்கதான். (2017-ல கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் துணைக்கு வந்து சேர்ந்தாங்க.) இதுல கூத்து என்னன்னா, சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டம் நாலையும் ஜெயிச்சிருந்தாங்க. நெட் பிராக்டீஸ்ல மட்டும் சிக்ஸரா அடிக்கிற ஆளு மாதிரி :-)

அக்டோபர் 12, மினசோட்டாவோட ஆட்டம். குவார்ட்டர்பேக் டான் ஒர்லோவ்ஸ்கி முதல் முறையா ஆரம்பத்திலிருந்தே இறங்கின ஆட்டம் அது. ஜேரட் ஆலன் துரத்தறார். இவர் பின்னாடியே ஓடறார், ஓடறார்... எண்ட் ஸோனோட கடைசிக் கோட்டையும் தாண்டி மைதானத்துக்கு வெளியே ஓடிக்கிட்டிருக்கார். தாண்டினது அவருக்கே தெரியலை! எதிரணிக்கு 2 பாயிண்ட். கடைசி ஸ்கோர்? 12-10. அந்த ரெண்டே ரெண்டு பாயிண்ட்தான். இந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்துச் சிரிச்சிருப்பேன்னு கணக்கே இல்லை. பின்னாளில் டிவி விமர்சகரான ஒர்லோவ்ஸ்கியே இதைச் சொல்லிச் சிரிக்கிறார், நமக்கென்ன.

சிரிக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கு. டிசம்பர் 21, நியூ ஆர்லியன்ஸ்கிட்ட 42-7. பதினஞ்சாவது தோல்வி. கோச் ராட் மரினெல்லி. டிஃபன்ஸைப் பார்த்துக்கிட்ட ஜோ பாரி அவரோட சொந்த மருமகன். பிரஸ் மீட்ல ஒரு நிருபர் கேட்டார், உங்க பொண்ணு இதைவிட நல்ல டிஃபன்ஸ் கோச்சைக் கட்டியிருக்கலாமேன்னு தோணுதான்னு.

மருமகனை ஏன் வெச்சிருக்கீங்கன்னு கேட்டிருந்தா அது நியாயமான கேள்வி. அந்த சீசன்ல 517 பாயிண்ட் விட்டுக்கொடுத்த டிஃபன்ஸ் அது. திட்டத்தான் செய்வாங்க. ஆனா அந்தப் பொண்ணு எந்த டேக்கிளை மிஸ் பண்ணுச்சு? மகளை இழுத்ததை மட்டும் ஏத்துக்க முடியாதுன்னு மரினெல்லி மறுநாள் சொன்னார். அதையே அவ்வளவு நிதானமா எப்படிச் சொன்னாரோ!

ஊரோட கடுப்பு புரியுது. அதே டிசம்பர்லதான் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் அரசாங்கத்துகிட்ட கையேந்தி நின்னாங்க. வேலை போயிடுமோன்னு பயந்துகிட்டிருக்கிறவனுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானமாவது நிம்மதி வேணாமா?

டிசம்பர் 28, கிரீன் பேகிட்ட 31-21. பதினாறும் முடிஞ்சது. மறுநாளே மாமனார், மருமகன் ரெண்டு பேருக்கும் கல்தா. அணி அடுத்த வெற்றியைப் பார்க்க 2009 செப்டம்பர் 27 ஆச்சு: வாஷிங்டனை 19-14.

பதினாறாவதா தோற்கடிச்ச கிரீன் பேதான் 2021-ல ஜோ பாரியைக் கூப்பிட்டு டிஃபன்ஸ் பொறுப்பைக் கொடுத்துச்சு.