ஐ7 என்னும் பெயரும் ஐம்பதாயிரம் ரூபாயும்



மேல்நிலைப் பள்ளித் தேர்வுகள் முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான நாட்களில் நம் இல்லங்களில் எழும் கோரிக்கைகளுள் ஒன்று அண்மை ஆண்டுகளாக என் செவிக்கும் அடிக்கடி எட்டுகின்றது. “சாமி, பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா?” என்று தாய்மார் வினவுகின்றனர். ‘கேமிங்’ என்றதும் பணம் வைத்து ஆடும் ரம்மியை எண்ணி அவர்கள் அஞ்சுவதும் உண்டு. அது வேறு, இது வேறு. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்துவிட்டது. பிள்ளைகள் கேட்பது, திரையில் ஓடும் பெரிய விளையாட்டுகளைத் தடங்கலின்றிக் காட்டவல்ல ஒரு கணிப்பொறி. அதை வாங்குவதா, மறுப்பதா என்பதை அந்தந்த இல்லமே தீர்மானிக்கட்டும். வாங்குவதென்று முடிவான பின் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்றவருக்குப் பிராசசரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நகைக்கக் கூடும். பள்ளிக் கணிப்பொறி அறை ஒன்றைப் பல்லாண்டு பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்திருந்தது. பழுதான பொறிகளே எனக்கு நல்ல ஆசிரியராயின.

2025 மே மாதம், பட்டுத் தறி நெய்யும் அன்பர் ஒருவர் ஆரணிப் பக்கத்திலிருந்து தம் மகனுடன் என்னிடம் வந்தார். சீட்டு எடுத்த ஐம்பதாயிரம் ரூபாய் அவர் கையில் இருந்தது. திருவண்ணாமலையில் ஒரு கடையில் பழைய பொறி ஒன்றைக் காட்டினார்களாம். கண்ணாடிப் பக்கமுடைய கேபினெட், உள்ளே வண்ண வண்ண விளக்குகள், மேலே ‘ஐ7’ என்னும் ஒட்டுச் சீட்டு. “ஐ3, ஐ5, ஐ7 என்று வரிசை இருக்கிறதே சாமி, ஏழுதானே பெரிது?” என்றார் தந்தை. எளிய மனிதரின் நியாயமான கணக்கு அது. அந்தக் கணக்கை நம்பியே இத்தகைய வியாபாரம் நடைபெறுகின்றது.

அந்தப் பொறியில் இருந்தது 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ7-4770. அதற்கு நான்கு கோர்கள், எட்டுத் திரெட்கள். 2022-இல் வெளிவந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு, அதே எட்டு. ஆயினும் வேலையில் பின்னது முன்னதை வெகு தூரம் பின்தள்ளிவிடும். ஆகவே ஐ என்னும் எழுத்தையடுத்து வரும் ஒற்றை இலக்கத்தைவிட, கோட்டுக்குப் பின் வரும் எண்ணின் தொடக்கத்தையே முதலில் நோக்க வேண்டும். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இன்னொரு கேடும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். அந்த ஐ7 அம்முறையில் தேறாது. மகன் பெரிதும் விரும்பிய வேலரண்ட் விளையாட்டோ, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு இல்லாவிடில் இயங்க மறுக்கும்.

மகன் தன் பங்கிற்கு ஒரு தாள் நிறைய எழுதி வந்திருந்தான். முதல் வரியில் கோர் ஐ5-12400எஃப். நல்ல பிராசசர்தான், ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள். ஆனால் கடைசியிலுள்ள அந்த ‘எஃப்’ என்னும் எழுத்திற்கு, திரையில் படம் வரையும் பகுதி உள்ளே இல்லை என்பது பொருள். தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலன்றித் திரை இருட்டாகவே இருக்கும்.

தந்தைக்கு இதனைத் தறியைக் கொண்டே விளக்கினேன். நெய்பவர் எவ்வளவு கைவேகம் உடையவராயினும், தார் சுற்றுபவர் மெதுவாகச் சுற்றினால் நாடா காத்துக் கிடக்கும் அன்றோ? விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்னும் கணக்கைப் பிராசசர் போடுகின்றது. அக்கணக்கைப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. ஒன்று மட்டும் விரைந்தால் மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அவர் உடனே புரிந்துகொண்டார், மகனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

எனக்கும் சென்னையில் ஓர் அலுவல் இருந்தமையால் மூவருமாகச் சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவிற்குச் சென்றோம். அண்ணா சாலையை ஒட்டிய அக்குறுகிய தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் மின்னணுப் பொருட்கடைகள் தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. ஒரே பொருளுக்கு நான்கு கடைகளில் நான்கு விலை கேட்டுத் தாளில் குறித்துக்கொண்ட பின்னரே பையைத் திறக்க வேண்டும். பிராசசரைப் பெட்டியோடு தருகிறார்களா, ‘டிரே’ என்று வெறுமனே தருகிறார்களா என்பதையும் கேட்டறிக. பெட்டியோடு வருவதற்கே நிறுவனத்தின் மூன்றாண்டு வாரண்டி உண்டு. 18 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தவிர்க்கலாம் என்று பில் இல்லாமல் வாங்குவோர் அந்த வாரண்டியையும் சேர்த்தே இழக்க நேரிடும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களுள் சில நிலைகுலைந்து பழுதானபோது, 2024-இல் அந்நிறுவனம் வாரண்டியை மேலும் ஈராண்டு நீட்டித்தது. அப்போது பில் வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு கைகொடுத்திருக்கும்!

அங்கு வாங்கியது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 2021-இல் வந்தது, ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள். படம் வரையும் பகுதி அதனுள்ளேயே அடங்கியிருப்பதால் கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு ஒத்திவைக்க முடிந்தது. வேலரண்ட் போன்ற விளையாட்டுகளுக்கு அதுவே போதும். ராம் 16 ஜிபி வேண்டும் என்றபோது கடைக்காரர் ஒரே துண்டாகத் தந்தார். இரண்டு 8 ஜிபி துண்டுகளாக மாற்றித் தரும்படி கேட்டோம். இரண்டாக இருப்பின் இரு வழிகளில் தரவு பாயும், உள்ளடங்கிய கிராபிக்ஸுக்கு அதனால் வரும் வேகம் கண்ணுக்கே தெரியும்.

பெரும்பாலோர் பணத்தைச் சுருக்குவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியில். மலிவான பெட்டிகளின் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அவ்வளவு இராது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் அது எரிந்தால் மதர்போர்டையும் உடன் அழைத்துச் செல்லக் கூடும். 80 பிளஸ் சான்றுடைய 550 வாட் ஒன்றை வாங்கச் செய்தேன். பின்னாளில் 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டைப் பொருத்தினாலும் அது தாங்கும். யுபிஎஸ் வாங்கும்போதும் வாட் கணக்கையே கேளுங்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட் அளவே. விளையாட்டை முடித்துப் பொறியை முறையாக அணைக்க அதிலுள்ள சில நிமிடங்கள் போதும், மின்வெட்டு முழுதும் ஆடிக்கொண்டிருக்க அது உதவாது. வண்ண விளக்குகளை மட்டும் விட்டுவிட்டோம். தந்தைக்குத்தான் அதில் சிறு வருத்தம்.

அவர்களுக்கு நல்ல நேரம் என்றே சொல்ல வேண்டும். 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால் ராம் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் ‘குருசியல்’ பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம் வியாபாரத்தையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இனி வாங்கச் செல்வோர் ராம் விலையை முதலில் விசாரித்துக்கொண்டு, மற்ற பாகங்களைப் பிறகு முடிவு செய்வது நன்று.

பொறி இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், தறிக்கு எதிரே இருக்கின்றது. கிராபிக்ஸ் கார்டுக்கான இடம் இன்னும் காலிதான். விடுமுறை நாட்களில் தார் சுற்றிக் கொடுத்து வரும் கூலியை மகன் அதற்கென்று ஒதுக்குகிறான். சென்ற வாரம் வந்து, பழைய கார்டு ஒன்று மலிவாக வருகிறது, பார்க்கட்டுமா என்று கேட்டான். அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று முதலில் விசாரித்து வரும்படி அனுப்பியிருக்கிறேன்.