மூலக்குளமும் ஒரு சிவப்புத் தொப்பியும்

பாண்டிச்சேரி போய்விட்டு வந்தேன் என்றால், நண்பர்கள் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "பீச் எப்படி இருக்கு?" இரண்டாவதை இங்கே எழுத முடியாது. "மூலக்குளம் எப்படி இருக்கு?" என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

கேட்கமாட்டார்கள். அங்கே கடல் கிடையாது, பிரெஞ்சு பால்கனி கிடையாது. இந்திரா காந்தி சதுக்கத்தில் வில்லியனூர் ரோட்டைப் பிடித்து, ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். பேக்கரி, ஹார்டுவேர் கடை, டீக்கடை, ஆட்டோ என்று சாட்சாத் நம்ம ஊர் மெயின் ரோடுதான். ஆனால் டூவீலர் ஆசாமிகளுக்கு முக்கியமான ஸ்தலம். விழுப்புரம் போகிறவன், 'அப்பாடா, டவுன் முடிஞ்சுது' என்று ஆக்ஸிலேட்டரைத் திருகுவது இங்கேதான். விழுப்புரத்திலிருந்து வருகிறவன், நாலு வழிச் சாலையில் பறந்து வந்த சூடு ஆறாமல் டவுனுக்குள் நுழைவதும் இங்கேதான்.

ஆபீஸ் வேலையாக வாரத்தில் இரண்டு நாள் நான் இந்த ரூட்டில் பைக்கில் போய் வருகிறேன். பஸ்ஸில் போனால் தூங்கலாம். பைக்கில் போனால் இந்தியாவின் அரசியல் சட்டத்தையே படித்துவிடலாம்!

எப்படி என்கிறீர்களா? வில்லியனூர் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. வளவனூர் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் கைமாறியது. ஆனால் துணி தைத்து மிச்சமான துண்டுகள் மாதிரி கிடந்த எல்லை மட்டும் அப்படியே கிடக்கிறது. ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவில் மாநிலம் மாறிவிடும்.

மாநிலம் மாறினால் போலீஸ் மாறும், கெடுபிடியும் மாறும். தமிழ்நாட்டில் ஹைகோர்ட் உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம். புதுச்சேரியிலோ 2017-ல் ஆரம்பித்து எதிர்ப்பு வந்து அடங்கிப் போனார்கள். 2019 பிப்ரவரியில் கவர்னர் கிரண் பேடி இறுக்கிப் பிடிக்க, எம்.எல்.ஏ.க்கள் ஹெல்மெட்டைப் போட்டு உடைத்தார்கள். முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஹெல்மெட்டும் ஒன்று. 2025 ஜனவரியில் மறுபடியும் கட்டாயமாக்கினார்கள். நடுவில் இருந்த வருஷங்களில் இந்த ரூட்டில் ஹெல்மெட் பட்ட பாடு இருக்கிறதே... கண்டமங்கலத்தில் தலையில், திருபுவனையில் டேங்க் மேல், வளவனூரில் மறுபடி தலையில்! மண்டைக்கு மட்டும் தான் எந்த மாநிலம் என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயணங்களில் என்னை ஒரு நாள் மடக்கினார்கள். எந்த ஊர், எந்த மாநிலம் என்பதெல்லாம் வேண்டாம். மரம், மரத்துக்குப் பின்னால் ஒரு தொப்பி. திடீரென்று ரோட்டில் ஒரு கை.

"ஓரங்கட்டு தம்பி. இன்னா ஸ்பீடு?"

"முப்பத்தெட்டு சார்."

"அறுபதுல வந்தே."

"எதுல சார் பார்த்தீங்க?"

"இருபது வருஷ சர்வீஸ்பா. கண்ணாலயே சொல்லுவேன்."

"இங்க லிமிட் எவ்வளவு சார்?"

"போர்டு பாக்கலையா?" என்று கையைக் காட்டியவர், தானும் திரும்பிப் பார்த்தார். போர்டு இருந்தது. அதன் மேலே ஒரு காதுகுத்து விழா ஃப்ளெக்ஸ். தாய்மாமன்கள் ஐந்து பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம்பர் அவர்களுக்குப் பின்னால்!

அப்புறம் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்ட்டிபிகேட் என்று எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்கு ரொம்ப வருத்தம். "போ, பார்த்துப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைப் புரட்டினேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதில் 112-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். தகுந்த இடத்தில் போர்டும் வைக்க வேண்டும். 183-வது பிரிவு இன்னும் அழகு. 'இவர் வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது' என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது. அந்தக் கணக்கு ஒரு கருவியால் எடுத்ததாக இருக்க வேண்டும். இருபது வருஷ சர்வீஸ் ஆனாலும் கண் ஒரு கருவி ஆகாது, சார்!

கேமரா வைத்துப் பிடித்தாலும் கணக்கு உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி கேமராவுக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும். 'இங்கே கண்காணிப்பு உண்டு' என்று கண்ணில் படுகிற மாதிரி போர்டு வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அபராதம் 2019 திருத்தப்படி கார் மாதிரி இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000. மாசம் இருபத்தெட்டாம் தேதி ஒரு குமாஸ்தாவின் பாக்கெட்டில் ஆயிரம் ரூபாய் என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒளிந்து பிடிக்கிற கலை நம்ம கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1905-ல் கார்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்ததே இதற்காகத்தான். சங்கத்து ஆட்கள் சைக்கிளில் ரோந்து போய், 'முன்னால் போலீஸ் ஒளிந்திருக்கிறது' என்று எச்சரிப்பார்கள். 1910-ல் கோர்ட், அப்படி எச்சரிப்பது குற்றம் என்றது. சங்கம் என்ன செய்தது? 'எங்கள் ஆள் தினமும் சல்யூட் அடிப்பார். என்றைக்கு அடிக்கவில்லையோ, அன்றைக்கு வண்டியை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள்' என்றது. அடிக்காத சல்யூட்டுக்கு எந்தக் கோர்ட் தண்டனை கொடுக்கும்? நம்ம லாரிக்காரர் எதிரே வரும்போது லைட்டை இரண்டு தடவை மின்னுகிறாரே, அது அந்த சல்யூட்டின் தம்பி.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் நியூ ரோம் என்று ஒரு ஊர். மொத்த ஜனத்தொகை 60 பேர். அந்த வழியாகப் போகிற கார்களைப் பிடித்து அபராதம் போட்டே ஊர் பிழைத்தது. கடைசியில் 2004-ல் கோர்ட் ஊராட்சியையே கலைத்துவிட்டது. சென்னையில் 2023 ஜூனில் பகலில் 40, இரவில் 50 என்று சொல்லி ரேடார் கருவிகளோடு கிளம்பினார்கள். ஊரே கூச்சல் போட்டது. நவம்பரில் காருக்கு 60, பைக்குக்கு 50, குடியிருப்புத் தெருவில் 30 என்று மாற்றி அறிவித்தார்கள். 'எவ்வளவு' என்று தெளிவாகச் சொன்னால் ஜனங்கள் சண்டை போட்டாவது கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரதாபத்தையெல்லாம் மூலக்குளம் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தேன். கடைக்கார அக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சட்டமெல்லாம் சரி தம்பி, ஸ்கூல் விடுற நேரத்துல இப்படி வந்து நில்லுங்க. அப்புறம் பேசுங்க" என்றார்.

நின்றேன். நாலேகால் மணி. முதுகில் மூட்டை மாதிரி பை, கையில் தண்ணீர் பாட்டில், ஒன்றன் கையை ஒன்று பிடித்தபடி பிள்ளைகள் ரோட்டு ஓரத்தில். ஒரு பாட்டி அவர்களுக்காகக் கையைக் காட்டுகிறாள். எந்த வண்டியும் நிற்கவில்லை. கணக்கு சிம்பிள்: 40-ல் வருகிற வண்டி பிரேக் பிடித்து நிற்கிற தூரத்தைவிட, 60-ல் வருகிற வண்டிக்கு இரண்டேகால் மடங்கு தூரம் தேவை. ஆறு கிலோமீட்டரை 60-ல் போனால் ஆறு நிமிஷம், 40-ல் போனால் ஒன்பது நிமிஷம். நாம் சம்பாதிக்கிற லாபம் மூன்று நிமிஷம். அதை ஆபீஸில் போய் என்ன செய்கிறோம்? டீ குடிக்கிறோம்.

அப்போது அந்த அதிசயம் நடந்தது. எங்கிருந்தோ ஒரு புதுச்சேரி கான்ஸ்டபிள் வந்து ரோட்டு ஓரத்தில் நின்றார். தலையில் அவர்களுடைய அந்தச் சிவப்புத் தொப்பி, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொத்து. கையில் மெஷின் இல்லை, நோட்டு இல்லை. யாரையும் மடக்கவும் இல்லை. சும்மா நின்றார். அவ்வளவுதான்! தூரத்தில் வந்த பைக் எல்லாம் பூனையாகிவிட்டது. பாட்டி பிள்ளைகளோடு ரோட்டைக் கடந்து போயே போய்விட்டாள்.

"பாத்தியா தம்பி?" என்றார் டீக்கடை அக்கா.

பார்த்தேன் அக்கா. மரத்துக்குப் பின்னால் நின்ற தொப்பி என்னிடம் ஆர்.சி. புக்கைப் பார்த்தது. முன்னால் நின்ற தொப்பி ஒரு பைசா வாங்காமல் பத்து பிள்ளைகளை அக்கரை சேர்த்தது. பிடிபட்டவன் அடுத்த வளைவில் மறுபடி முறுக்குவான். தொப்பியைப் பார்த்தவன் அங்கேயே குறைப்பான்.

அதனால் இரண்டு அரசாங்கத்துக்கும் ஒரு டூவீலர்காரனின் விண்ணப்பம். போர்டு மேல் உள்ள தாய்மாமன்களைத் தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். தொப்பி ரோட்டுக்கு வரட்டும், மரம் நிழலுக்கு இருக்கட்டும். வெயில் அதிகம் என்றால், குடை வாங்க நாங்களே சந்தா போட்டுத் தருகிறோம். எப்படியும் ஆயிரம் ரூபாயைவிடக் குறைச்சலாகத்தான் வரும்!