ஒரு டீ குடிச்சா சரியாப் போயிடும்

களைப்புக்கு அமெரிக்காவில் ஓர் எண் இருக்கிறது: ஆர்53.83. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகைக்கு டி50.9. நான் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். டெக்சாஸிலோ ஓஹியோவிலோ ஒரு பெண் மருத்துவரிடம் போய், எப்போது பார்த்தாலும் அசதியாக இருக்கிறது என்று சொல்வார். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த அசதிக்கு உரிய எண்ணைப் போடுவது என் வேலை. எங்கள் ப்ராஜெக்டுக்கு இரவு ஷிப்டுதான். மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் அதிகாலை மூன்றரைக்கு எழுந்திருப்போம். எங்கள் தளத்தில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் அசதிக்கு யாரும் எண் போடுவதில்லை. அதற்கு ஒரு காபி மெஷின் வைத்திருக்கிறார்கள்.

மெஷின் காபி இலவசம், எத்தனை கப் வேண்டுமானாலும் குடிக்கலாம். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஃபிரிட்ஜ். அதில் எனர்ஜி டிரிங்க் டப்பாக்களும் 20 ரூபாய் பாட்டில்களும் அடுக்கியிருக்கும். ராத்திரி ஒன்றரை மணி பிரேக்கில் அந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால்தான் கூட்டம். கண் எரிகிறது, தலை வலிக்கிறது, பீரியட்ஸ் நேரம், முதுகு விட்டுப்போகிறது என்று எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "ஒரு டீ குடிச்சா சரியாப் போயிடும்." டீம் லீடர் சொல்வார், வீட்டில் மாமியார் சொல்வார், நாமும் நம் தோழிகளுக்குச் சொல்வோம்.

உண்மையில் டீ எதையும் சரியாக்குவதில்லை. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. போதும், படு என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். காஃபின் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். காஃபின் இறங்கியதும் அதுவரை சேர்ந்த களைப்பு மொத்தமாக வந்து நிற்கும். எனர்ஜி டிரிங்க் என்ற பெயரில் இருக்கும் எனர்ஜி சர்க்கரையிலிருந்து வருவது. மற்றபடி அது கொடுப்பது விழிப்பை மட்டும்தான்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 வரை இருக்கும் என்றும் அது சொல்கிறது. இந்திய விதிப்படி எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதாவது 250 மில்லி டப்பாவில் 75. ஒரு டப்பாவை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி அளவுதான். ஆனால் யாரும் டப்பாவை மட்டும் குடிப்பதில்லை. மெஷின் காபி மூன்று, டப்பா ஒன்று, வீட்டில் காலை ஒரு டீ, சாயங்காலம் கிளம்பும்போது ஒரு ஃபில்டர் காபி. கூட்டிப் பாருங்கள், 300ஐ எப்போதோ தாண்டியிருக்கும்.

குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்றரைக்குக் குடித்தது காலை ஆறரைக்கும் பாதி மிச்சம் இருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எங்கள் தளத்தில் பல பெண்களுக்கு பிசிஓடி. மாதவிடாயை ஒழுங்குபடுத்த அதே ஹார்மோன் மாத்திரையைத்தான் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. தூங்காததால் அடுத்த ராத்திரி இன்னும் ஒரு டப்பா. மாத்திரைச் சீட்டை எழுதும்போது, என்ன வேலை பார்க்கிறாய், எந்த நேரத்தில் தூங்குகிறாய் என்று கேட்ட மருத்துவரை எங்களில் ஒருத்திகூடப் பார்த்ததில்லை.

அடுத்தது சர்க்கரை. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு. சில 250 மில்லி டப்பாக்களில் மட்டுமே சுமார் 27 கிராம், அதாவது ஏறக்குறைய ஏழு ஸ்பூன் இருக்கிறது. இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. பல வருடம் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பும் அதிகம். பிசிஓடி இருப்பவர்களில் பலருக்கு இன்சுலின் ஏற்கெனவே சரியாக வேலை செய்யாது.

இதையெல்லாம் அக்கறையோடு சொல்வதற்கு ஆள் இல்லை. கண்டிப்பதற்கு மட்டும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேபில் டப்பாவோடு ஏறினால் டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். என் கைப்பையில் காலி டப்பாவைப் பார்த்த மாமியார், "பீர் டப்பா மாதிரி இருக்கே" என்றார். பிறகு, "இதெல்லாம் குடிச்சா கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்?" என்றார். கர்ப்பிணிகளும் பாலூட்டும் பெண்களும் குடிக்க வேண்டாம் என்று டப்பாவிலேயே எழுதியிருப்பது சரியான எச்சரிக்கைதான். ஆனால் கர்ப்பமாக இல்லாத, பாலூட்டாத எனக்கும் ஓர் உடம்பு இருக்கிறது. அதில் இதயம் இருக்கிறது, கணையம் இருக்கிறது, தூங்க வேண்டிய மூளை இருக்கிறது. கர்ப்பப்பையைப் பற்றிக் கவலைப்பட்ட யாரும் அவற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

இந்தப் பானங்களின் கதையே உழைப்பவர்களின் கதைதான். ஜப்பானில் 1962இல் லிப்போவிடான் டி விற்பனைக்கு வந்தது. அசந்துபோன உழைப்பாளிகளை நம்பி வளர்ந்த சரக்கு அது. தாய்லாந்தில் லாரி ஓட்டுநர்களும் கூலித் தொழிலாளர்களும் குடித்த ஒரு பானம்தான் பிறகு ஆஸ்திரியாவுக்குப் போய் 1987இல் ரெட் புல் ஆனது. இன்று விளம்பரங்களில் பைக்கும் மலையும் குதிக்கிற இளைஞர்களுமாக இருக்கிறார்கள். எங்கள் தளத்தில் அதைக் குடிப்பவர், ஆறு மணிக்குப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய பெண்.

என் இணையர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறார். அவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் எங்கள் வீடே வேறு மாதிரி இருக்கும். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். மகனை மொட்டை மாடிக்கு விளையாட அனுப்புவார். "ராத்திரி பூரா முழிச்ச பிள்ளை" என்று குக்கரைக்கூட அவர் எழுந்த பிறகுதான் வைப்பார். நானும் ராத்திரி பூரா விழித்தவள்தான், அதுவும் வருடம் முழுக்க. எனக்கு கேஸ் சிலிண்டர் வரும், மாவுக்காரர் வருவார், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். நான் கதவைச் சாத்திக்கொண்டால் அதற்கு வேறு பெயர். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம் என்று இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். இடையில் இருக்கும் 201 நிமிடத்தை நாங்கள் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறோம். அந்த இடைவெளியை ஒட்டுவதற்குத்தான் டீ, காபி, டப்பா எல்லாம்.

என் தலைமுறைதான் இப்படிக் கெட்டுவிட்டது என்பவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் கிராமம். 52 வயது. எனர்ஜி டிரிங்கைத் தொட்டதே இல்லை. எழுந்ததும் ஒரு டீ, நூறு நாள் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன் ஆகிறது, என் டப்பாவைவிட அதிகம். காலையில் சாப்பாடு கிடையாது. மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் டீ. பசியை அமர்த்துவதற்கு அதைவிட மலிவானது எதுவும் இல்லை.

போன வருடம் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், 8க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் போட்டார். மறுபடி பார்த்தபோது 8.1. அப்போதுதான் அங்கிருந்த நர்ஸம்மா, "எதோடம்மா மாத்திரை போடுற?" என்று கேட்டிருக்கிறார். அம்மா டீயோடு போட்டுக்கொண்டிருந்தார். நாம் சாப்பிடும் கீரை, பயறு, கேழ்வரகில் இருக்கும் இரும்பையும், மாத்திரையில் இருக்கும் இரும்பையும் டீயில் உள்ள டானின் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்பின் ஒரு மணி நேரமாவது டீ, காபி இல்லாமல் இருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல். அந்தக் கணக்கும் 15 முதல் 49 வயது வரைக்கும்தான். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிவிட்ட என் அம்மா அதில் இல்லை. ரத்தசோகையின் முதல் அறிகுறி அசதி. அசதி என்று ஒரு பெண் சொன்னால் நாம் அவர் கையில் கொடுப்பது டீ. அந்த டீயைச் சாப்பாட்டோடு குடித்தால் ரத்தசோகை இன்னும் கூடும்.

டீயை விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பல பெண்களுக்கு ஒரு நாளில் உட்கார்ந்து செய்யும் ஒரே காரியம் டீ குடிப்பதுதான். அதையும் பிடுங்கிக்கொள்வது சீர்திருத்தம் ஆகாது. நேரத்தை மாற்றலாம், சர்க்கரையைக் குறைக்கலாம். ஷிப்டின் பின்பாதியில் காஃபின் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். அதுவும் படுத்ததும் தூங்க முடிகிற வீடாக இருந்தால்தான் பயன்படும்.

எங்கள் தளத்தில் பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். ஒன்றரை மணி பிரேக்கை இருபது நிமிடம் நீட்டிக்க வேண்டும், கால் நீட்டிப் படுக்க ஓர் அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். குட்டித் தூக்கம் இரவு வேலையில் தவறுகளைக் குறைக்கும் என்பதையும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதியிருக்கிறோம். பரிசீலனையில் இருக்கிறதாம். வீட்டில் நான் கடிதம் கொடுக்கவில்லை. காலை ஐந்து முதல் பதினொன்று வரை என் அறைக் கதவு சாத்தியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். டிபன் பாக்ஸை இப்போது இணையர் கட்டுகிறார். இரவு ஷிப்ட் வாரத்தில் முந்தின நாளே எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டுப் போகிறார். அத்தைக்கு இன்னும் கோபம்தான்.

அம்மா காலையில் பழைய சோறு சாப்பிடுகிறார். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறார். போன மாதம் ஹீமோகுளோபின் 10.4. சாயங்கால டீ இரண்டும் அப்படியே இருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து குடிக்கிறார்.