பச்சை குத்திய கையும் முழுக்கைச் சட்டையும்

"ஆற்றுப்படுத்துநர்னா கண்ணாடி மாதிரி இருக்கணும். கையில இருக்கிறதெல்லாம் வெளிய தெரியக் கூடாது. இனிமே முழுக்கை போட்டுட்டு வாங்க." ஒரு பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இது. சொன்னவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று முழுக்க எங்களுக்கு மனசு ஆறவில்லை.

நாங்கள் மூன்று பேர். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்ட குடும்பங்களோடும், கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியின் ஒப்பந்தத் தொழிலாளர்களோடும் உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலை. எங்களில் ஒருவர் முன்கையில் 'ஜெய் பீம்' என்று பச்சை குத்தியிருக்கிறார். இன்னொருவருக்குச் சின்ன வயதில் குடிசை எரிந்தபோது பட்ட தழும்பு, கழுத்திலிருந்து முழங்கை வரை. மூன்றாமவருக்கு வெளியே தெரிகிற குறி எதுவும் இல்லை.

மருத்துவர் தன்னைக் காட்டாத கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று 1912-இல் எழுதியவர் பிராய்ட். நோயாளியைச் சாய்வுப் படுக்கையில் படுக்க வைத்து, அவர் கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்து கேட்டவர் அவர். நாங்கள் உட்காருவது வேப்பமரத்தடியில், நேருக்கு நேர். குறியே இல்லாத எங்கள் தோழரிடம்கூட "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். இந்த நாட்டில் யாரும் வெறும் கண்ணாடியாக இருக்க முடியாது.

மீட்கப்பட்ட இருளர் குடும்பத்துப் பாட்டி ஒருவர், தோழரின் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாட்டியின் கையில் கோலம் போல ஒரு பச்சை. ஒரு குறத்தி வந்து குத்தியதாம். "உனக்கு யாரும்மா குத்துனது? என்ன எழுதியிருக்கு?" சொன்னோம். "அம்பேத்கருக்கா? அப்ப நம்ம புள்ளதான்" என்றார். வாங்கிய முன்பணம், அடி, சூளையிலேயே பிறந்த பேரப்பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து வந்தன.

உருக்காலையில் கை வெந்த ஒரு தம்பி இரண்டு சந்திப்பு வரை பேசவே இல்லை. மூன்றாவதில் தழும்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" அவனுக்குள் இருந்த பயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. "ஆயிடுச்சு" என்ற பதிலோடு நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். குடிசை எரிந்த கதை முழுவதையும் சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் அவன் வந்து, "உங்க கை இப்ப வலிக்குதாண்ணா?" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னான். எங்கள் தப்பு அது. தழும்பு கதவைத் திறந்தது. நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம்.

பச்சையைப் பார்த்ததும் எழுந்து போனவர்களும் உண்டு. அது எங்களுக்குப் பழக்கம். நாங்கள் எதிர்பார்க்காதது, நம் சேரியிலிருந்தே சிப்காட் வேலைக்கு வந்த ஒரு தங்கை சொன்னதுதான். "அக்கா, ரூம்ல நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. வேற சாதி சொல்லித்தான் வீடு கெடச்சுது. நீங்க இந்தக் கையோட வந்தா நான் மாட்டிக்குவேன்." நமக்குப் பெருமையாக இருக்கிற எழுத்து அவளுக்கு ஆபத்தாக இருந்தது.

'ஸ்டிக்மா' என்ற சொல்லின் வேரைச் சமூகவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அடிமையென்றும் குற்றவாளியென்றும் அடையாளம் காட்ட உடம்பில் வெட்டியோ சுட்டோ வைத்த குறிக்குக் கிரேக்கர்கள் இட்ட பெயர் அது என்பதிலிருந்துதான் கோஃப்மன் 1963-இல் தன் நூலைத் தொடங்குகிறார். அடுத்தவன் வைத்த குறியை அழிக்கத்தான் நாம் நாமே தேர்ந்த எழுத்தைக் குத்திக்கொள்கிறோம்.

"அப்போ சாதிக் கயிறும் இதுவும் ஒண்ணா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் வண்ணக் கயிறும் நெற்றிக் குறியும் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிறு 'நான் மேல்' என்கிறது. ஜெய் பீம் 'யாரும் மேல் இல்லை' என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மறைந்து வாழ்கிறவளின் அறைக்கதவில் இந்த வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அந்தத் தங்கையைப் பார்க்கப் போனபோது முழுக்கை போட்டுக்கொண்டு போனோம். வலித்தது, பொய் சொல்லவில்லை. பயிற்சியில் சொன்ன முழுக்கையும் இதுவும் துணியால் ஒன்றுதான். அங்கே எங்கள் அடையாளம் கண்ணை உறுத்துகிறது என்று மறைக்கச் சொன்னார்கள். இங்கே தன் உயிருக்கும் வேலைக்கும் பயந்து ஒருத்தி கேட்டாள். கேட்பது யார் என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் பதில்.

சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகளே, இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். அலுவலகம் சொன்னதற்காகக் கையை மூடுவதில்லை. யாராவது கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, "அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று பேச்சை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறோம். எங்கே, எப்படி, எங்களில் யாரைச் சந்திக்க வசதி என்று முதலிலேயே கேட்கிறோம். வேறு ஆள் வேண்டும் என்றால் கோபப்படுவதில்லை.

அந்தத் தங்கை இன்னும் வேறு பெயர் சொன்ன வீட்டில்தான் இருக்கிறாள். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டைக் கைக்கு மேலேயே அந்த எழுத்து இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனாள்.