கைக்கு அமைந்த பெட்டி

விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதுக எனப் பணிக்கப்பட்டபோது, இலக்கணத்தைப்பற்றி எழுதவே எண்ணினேன். ஆயின், என் பிழையொன்று முன்வந்து நின்று, 'என்னை எழுது' என்றது. அதனையே எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் மாணவனொருவன் இருந்தான். அவன் எழுத்து மிகக் கோணல். ஒரு பந்தி எழுதுமுன்னரே ஓய்ந்துவிடுவான். சோம்பலென்று கருதிய யான், எழுதியவற்றையே மீண்டும் மீண்டும் எழுதுவித்தேன். ஒருநாள் அவன் பையிற் கனத்த மரப்பெட்டியொன்றைக் கண்டு பறித்துவைத்தேன்.

மாலையில் வந்து நின்றான். "இஃது என்ன?" என்று சினந்து கேட்டேன்.

"சண்டை விளையாட்டுப் பெட்டி, சேர். நானே செய்தது" என்றவன், அடித்தட்டைக் கழற்றிக் காட்டினான். வகுப்பில் வாய் திறவாதவன் அன்று ஆசிரியனானான்.

1991ஆம் ஆண்டில் யப்பானியக் கப்கொம் நிறுவனத்தார் 'ஸ்ரீற் பைற்றர் 2' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். நாணயமிட்டு ஆடும் கூடங்களில் அதற்கு ஒரு பிடியும் ஆறு பொத்தான்களும் இருந்தன. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. அவ்வமைப்பை வீட்டுக்குக் கொணர்வதே இத்தகைய பெட்டி. பிடியைச் சூழ நான்கு சிற்றாளிகள் உள்ளன. பிடியை மூலைக்குச் சாய்த்தால் இரண்டு ஒருங்கே அழுந்தும். கீழே, கீழ்மூலை, முன்னே என ஒரே வீச்சில் வளைத்துக் குத்துப் பொத்தானை அழுத்தினால், வீரனின் கையினின்று ஒளிப்பந்து பாயும். பிடியின் அசைவுக்கு எல்லையிடும் சதுரத் தகட்டை நீக்கி, எண்கோணத் தகட்டையும் பொருத்தலாம். பொத்தான்களையும் தனித்தனியே கழற்றி மாற்றலாம்.

யாவும் விளங்கின, ஒன்று மட்டும் விளங்கவில்லை. "பொத்தான்கள் ஏன் வரிசையில் இல்லை?" என்றேன்.

வலக்கையை மேசைமேல் வைத்தான். "இந்த ஆட்காட்டி விரல் மடங்காது, சேர். சிறுவயதில் முறிந்தது. அதனாலே பெருவிரல் எட்டும் இடத்தில் ஓட்டையிட்டேன்."

யான் பேச்சற்றிருந்தேன். எட்டு மாதங்களாக அவன் எழுத்தைச் சிவப்பு மையால் திருத்திய யான், அதனை எழுதிய கையை ஒருநாளும் நோக்கினேனல்லேன். மாணவரை அறிந்து கற்பிக்குமாறு ஆசிரிய கலாசாலையிற் கற்றுப் பெற்ற சான்றிதழ் என் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது!

பெட்டியைக் கையளித்தேன். மன்னிப்புக் கேட்க அன்று நா எழவில்லை. மறுநாள் தொடக்கம் வினாக்களுக்கு வாய்மொழியாக விடையிறுக்க விடுத்தேன். அதிபரிடங் கூறி வகுப்புச் சோதனைகளில் மேலதிக நேரமும் பெற்றுக் கொடுத்தேன். நெடுங்காலம் அவனுள்ளே அடைபட்டுக் கிடந்த தமிழ், தங்குதடையின்றி வெளிவந்தது.

இன்று அவனும் எமது பழைய மாணவருள் ஒருவன். அவன் எழுத்து இன்னுங் கோணலே. இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அன்று சொல்லாது விட்ட மன்னிப்பை இவ்வரிகளிற் காண்பானாக.